பத்து நாள் பயணமும் அங்கேயே வாழும் குடும்பமும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்கள் சபையின் வாலிபர் குழு வருகிற விடுமுறையில் வேறொரு நாட்டிலுள்ள பணித்தளத்துக்குப் பத்து நாள் மிஷன் ட்ரிப் போகிறது. கல்லூரியில் படிக்கும் என் மகளும் பெயர் கொடுத்திருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிப்பது, பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவது, ஓர் அநாதை இல்லத்துக்குப் போய்வருவது என்று திட்டம். என் கணவரோ, "விமான டிக்கெட்டுக்கு ஆகிற பணத்தை அந்த மிஷனரிக்கே அனுப்பினால் எவ்வளவு உதவியாக இருக்கும்! இது ஊழியமா, சுற்றுலாவா?" என்கிறார். மகள் அழுதுவிட்டாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றுகிறது.

இன்னொரு கலக்கமும் உண்டு. போய்வந்தபின் "நான் மிஷனரியாகப் போகிறேன்" என்று சொல்லிவிடுவாளோ என்று பயப்படுகிறேன். எங்களுக்குத் தெரிந்த ஒரு மிஷனரி குடும்பம் பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. அவர்களுடைய மூத்த பையன் யாரோடும் ஒட்டுவதில்லை, ஆராதனைக்கும் வருவதில்லை. ஊழியத்தைப் பார்த்தார்கள், பிள்ளையை விட்டுவிட்டார்கள் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் மிஷனரி வீட்டில் வளர்ந்தவர் என்பதால் கேட்கிறேன். அந்த வாழ்க்கை பிள்ளைகளுக்கு நல்லதா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்காக அவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இப்படிப் பயணம் போகிறவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. அமெரிக்கச் சபைகளிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் வெளிநாடுகளுக்குப் போகிறார்கள் என்று 2000களின் நடுவில் ஒரு மதிப்பீடு வந்தது. இத்தனை பேரின் நேரமும் காணிக்கையும் எங்கே போய்ச் சேருகிறது என்று யாராவது கேட்கத்தான் வேண்டும்.

கேட்டும் பார்த்திருக்கிறார்கள். 1998இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைப் புரட்டிப்போட்டபோது, வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் அங்கே போய் வீடுகள் கட்டிக் கொடுத்தன. உள்நாட்டுக் கிறிஸ்தவ அமைப்புகளும் கட்டிக் கொடுத்தன. அந்த நாட்டிலேயே நெடுநாள் வாழ்ந்த ஓர் ஆய்வாளர் பிற்பாடு இரு வகை வீடுகளிலும் குடியிருந்தவர்களை விசாரித்தார். கட்டிக் கொடுத்தது யார் என்பதால் அந்தக் குடும்பங்களின் வாழ்க்கையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. போய்வந்தவர்களையும் விசாரித்தார். அந்தப் பயணம் தங்களை மாற்றிவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். காணிக்கைக் கணக்கில் அந்த மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. சுவர் எழுப்பவும் பெயிண்ட் அடிக்கவும் மட்டும் போவதென்றால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. பெயிண்ட் அடிக்கிறவர்கள் அந்த ஊரிலேயே இருப்பார்கள், அவர்களுக்கு அந்தக் கூலி தேவைப்படும்.

ஆனால் பணத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பிலிப்பியர் நிருபத்தை எடுத்துப் பாருங்கள். காவலில் இருந்த பவுலுக்கு பிலிப்பி சபை உதவி அனுப்பியது. அதைக் கொண்டுபோன எப்பாப்பிரோதீத்து கொடுத்துவிட்டு உடனே திரும்பவில்லை, பவுலின் குறைச்சலில் கூடவே இருந்து உதவி செய்தான். அந்தக் காலத்தில் காவலில் இருக்கிறவனுக்குத் தேவையானதைப் பெரும்பாலும் வெளியே இருக்கிற அவனுடைய ஆட்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். போன இடத்தில் இவனே வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாகிவிட்டான். பிழைத்தபின் பவுல் அவனைத் திருப்பி அனுப்பிவைத்து, இப்படிப்பட்டவர்களைக் கனமாக எண்ணுங்கள் என்று சபைக்கு எழுதுகிறார். அவன் அங்கே பிரசங்கம் பண்ணினதாகவோ எதையாவது கட்டினதாகவோ நிருபத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் அவன் செய்ததைக் கிறிஸ்துவின் வேலை என்கிறார் பவுல்.

குறுகிய கால மிஷன் பயணத்துக்கு வேதத்தில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பத்து நாளில் போகிறவர்கள் ஓர் ஊரை மாற்றிவிட முடியாது. மொழி தெரியாது, யார் யாருக்கு என்ன உறவு, என்ன பகை என்பது தெரியாது. அவர்கள் ஊர் திரும்பிய மறுநாளும் அங்கேயே இருக்கப்போவது அந்த மிஷனரி குடும்பமும் உள்ளூர் விசுவாசிகளும்தான். வந்தவர்களால் அவர்கள் பலப்பட்டார்களா, களைத்துப்போனார்களா? இந்தப் பயணத்தின் மதிப்பை நான் இதை வைத்துத்தான் பார்ப்பேன்.

இரண்டையும் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். குழு வருகிறதென்றால் நாங்கள் பிள்ளைகள் எங்கள் அறையைக் காலி பண்ணிக் கொடுப்போம். அப்பா வண்டிக்கு அலைவார். வந்தவர்களுக்குச் சமைப்பது, மொழிபெயர்ப்பது, வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து கொடுப்பது எல்லாம் அம்மா தலையில்தான். அவர்கள் சந்தோஷமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனபின் அம்மா சில நாள் படுக்கையை விட்டு எழ மாட்டார். ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். எந்தத் திட்டமும் அவரிடம் இல்லை. வந்ததும் அம்மாவிடம், "காலையில் பிள்ளைகளின் பாடங்களை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்களோ அதைச் செய்யுங்கள்" என்றார். எங்களுக்கு வீட்டிலேயே பள்ளிக்கூடம், அம்மாதான் டீச்சர். அந்த நாட்களில் அம்மா நன்றாகத் தூங்கினார். பல மாதங்களாகப் போக முடியாமலிருந்த ஒரு விசுவாசியின் வீட்டுக்குப் போய்வந்தார். அந்த ஆசிரியர் ஊருக்குப் போனபின்னும் எங்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. பெரியவர்களுக்கு எழுதி, கீழே 'பிள்ளைகளுக்கு அன்பு' என்று ஒரு வரி போடுகிற வழக்கம் அவரிடம் இல்லை. அவர் வந்துபோனது எங்கள் குடும்பம் அந்த ஊரில் இன்னும் சில காலம் தாக்குப்பிடிக்க உதவியது என்று அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

தொழில் தெரிந்தவர்கள் போவது வேறு கணக்கு. ஒரு கண் மருத்துவர் குறைந்த நாளில் நிறையப் பேருக்குப் பார்வை கொடுத்துவிட முடியும். அங்கேயும் உள்ளூர் செவிலியருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தால்தான் வேலை நிலைத்து நிற்கும். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் இரண்டாம் மாதம் அந்த ஆள் யாரிடம் போவார்?

உங்கள் மகளின் குழு வைத்திருக்கிற திட்டத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாக எடுத்துவிடச் சொல்லுங்கள். அநாதை இல்லத்துக்குப் போவது வேண்டாம். நல்ல மனதோடுதான் போட்டிருப்பார்கள், தெரியும். ஆனால் உலகம் முழுக்க இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது. வெளிநாட்டார் வரவும் பணமும் பெருகினால், இல்லத்தை நிரப்புவதற்கென்றே வீடுகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்களும் முளைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நவீன அடிமைத்தனச் சட்டம் 2018இல் வருவதற்கு முன் நடந்த நாடாளுமன்ற விசாரணையில் இது தனியாகவே பேசப்பட்டது. கொஞ்ச நேரம் தூக்கிக் கொஞ்சி, விளையாடி, அழ அழ விட்டுவிட்டு வருவதும், அடுத்த மாதம் இன்னொரு குழு வந்து அதையே செய்வதும் ஒரு குழந்தையை என்ன பாடுபடுத்தும்! அந்த நாளின் செலவை, பிள்ளைகள் சொந்த வீட்டிலேயே வளர உதவுகிற வேலைக்குக் கொடுக்கலாம்.

விசாவையும் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் மத ஊழியம் செய்வதைச் சில நாடுகள் அனுமதிப்பதில்லை. பிடிபட்டால் வந்தவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள், அங்கேயே வாழ்கிற குடும்பம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அங்கே எடுக்கிற படங்களையும் அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் எங்கும் போட வேண்டாம்.

அடுத்தது நீங்கள் பயத்தோடு கேட்டது. மிஷனரி வாழ்க்கை பிள்ளைகளுக்கு நல்லதா?

இதற்கு இனிப்பாகப் பதில் சொல்ல மாட்டேன். இந்திய மொழிகளில் வேதாகமத்தை மொழிபெயர்த்த மிஷனரி வில்லியம் கேரியை எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவி டாரத்தியைப் பற்றிச் சபைகளில் அதிகம் பேசுவதில்லை. முதலில் வர மறுத்தவர் அவர். கடைசி நேரத்தில் மனம் மாறி 1793இல் கைக்குழந்தையோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். மறு வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதற்குப்பின் டாரத்தியின் மனம் தெளியவே இல்லை. 1807இல் வங்காளத்தின் செராம்பூரில் இறக்கும்வரை மனநோயோடுதான் வாழ்ந்தார். கேரியின் மொழிபெயர்ப்புகளைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அன்று மனநோய்க்கு நல்ல மருத்துவம் கிடையாது. ஆனால் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து அழ ஒரு தோழி அடிக்கடி வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து பேர்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரிகளுக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அப்பாவை அதற்குப்பின் அவர் பார்க்கவே இல்லை. 1929இல் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். செய்தி தந்தியில் வந்துவிட்டது. அப்பா முன்னமே எழுதிப்போட்ட கடிதங்கள் கப்பலில் மெதுவாக வந்தபடி இருந்தன. பதின்வயதுப் பையன் அவற்றைப் பிரித்து வாசித்தான். அந்தப் பையன்தான் 1946இல் மருத்துவராக வேலூருக்கு வந்தார். ஆனால் நல்ல முடிவைக் காட்டி அந்த வருடங்களின் வலியை இல்லையென்று ஆக்கிவிடக் கூடாது.

இன்று பெரும்பாலான குடும்பங்கள் பிள்ளைகளை அப்படிப் பிரித்து அனுப்புவதில்லை. 1990களில் மிஷனரிகள் ஏன் பணியை விட்டு வருகிறார்கள் என்று பல நாடுகளில் ஆராய்ந்தபோது பிள்ளைகளின் தேவைகள் முக்கியமான காரணங்களில் ஒன்றாகத் தெரிந்தது. அதிலிருந்து பல அமைப்புகள் இதைக் கவனிக்கத் தொடங்கின. இருந்தாலும் இடம்பெயர்வதும் விடைபெறுவதும் ஓயாது. நண்பர்கள் கிடைப்பார்கள், போய்விடுவார்கள். விடுப்பில் வரும்போது சபை சபையாக நிறுத்திப் பாட்டுப் பாடச் சொல்வார்கள். 'உன் ஊர் எது?' என்று கேட்டால் சட்டென்று பதில் வராது.

கிடைப்பதும் அதிகம். எனக்கு இரண்டு மொழிகள் தாய்மொழி மாதிரி. எங்களிடம் இருந்ததைவிடக் குறைவாக வைத்திருந்தவர்கள் எங்களை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தேன். ஊழியம் என்பது அப்பா மேடையில் பேசுவது மட்டுமில்லை, நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவருக்கு எழுந்து திறப்பதும்தான் என்று கண்ணால் பார்த்தேன். வேறு எந்தக் குழந்தைப் பருவத்துக்கும் இதை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். என் தம்பியைக் கேட்டால் வேறு பதில் சொல்லுவான், அவன் சொல்வதும் உண்மை.

அந்த மூத்த பையனுக்கு இப்போது உங்கள் சபைதான் அந்நிய நாடு. வீடு திரும்பியது பெற்றோர். அவன் தன் ஊரை விட்டுவிட்டு வந்திருக்கிறான். அவனைப் பற்றிச் சபையில் பேசுகிறவர்களில் யாராவது ஒருவர் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, அங்கே விட்டுவந்த நண்பர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்களா? ஆராதனைக்கு வா என்று சொல்லிக் கூப்பிட வேண்டாம். சும்மா கூப்பிடுங்கள். அவன் கோபமாகப் பேசினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரைக் குறைசொல்வதும் போதும். அவர்கள் தூரதேசத்தில் இருந்த வருடங்களில் அந்தப் பையனின் பிறந்தநாளை நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்?

மகள் முழுநேரமாகப் போய்விடுவாளோ என்ற பயத்துக்கு நான் உறுதி எதுவும் தர முடியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1890இல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது வியாதியாயிருந்த தாயைக் கவனிக்கத்தான்; மிஷனரி ஆகவே மாட்டேன் என்று இருந்தவர். ஒரே இரவில் மூன்று பேர் வந்து பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஆண் மருத்துவரை அனுமதிக்க மாட்டார்கள், இவர் மருத்துவரும் இல்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் போய் மருத்துவம் படித்துவிட்டு 1900இல் வேலூருக்குத் திரும்பினார், மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். அதே சமயம் மாற்கு, பவுலோடு போன ஊழியப் பயணத்தில் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பினவன். அவனைப் பற்றிப் பவுலும் பர்னபாவும் சண்டைபோட்டுப் பிரிந்தே போனார்கள். கடைசியில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று அதே பவுல் எழுதுகிறார். போகிறவளுக்கும் திரும்பி வருகிறவளுக்கும் கர்த்தரிடத்தில் இடமிருக்கிறது.

ஆகவே, மகளை அனுப்புங்கள் என்றுதான் சொல்லுவேன். கணவரையும் விட்டுவிடாதீர்கள்: பயணத்துக்கு ஆகிற அதே தொகையை அந்தக் குடும்பத்துக்கு மாதாமாதம் பிரித்து அனுப்ப முடியுமா என்று அவரே கணக்குப் போடட்டும். அப்புறம், டிக்கெட் போடும் முன் மகளே அந்த மிஷனரியின் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதட்டும். "நாங்கள் வருவது உங்களுக்கு உதவியா, பாரமா? பெயிண்ட் வேலையை விட்டுவிட்டு உங்களுக்கு உண்மையில் தேவையான ஒன்றைச் செய்ய வேண்டுமானால் அது என்ன? உங்கள் பிள்ளைகளுக்கு என்ன வாங்கி வரட்டும், அவர்கள் பெயர் என்ன?" என்று கேட்கட்டும். 'இப்போது வேண்டாம், அடுத்த வருடம் வாருங்கள்' என்று அங்கிருந்து பதில் வந்தால், குழு அதை மனதார ஏற்றுக்கொள்ள வேண்டும். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.