அப்பாவுக்குக் காலில் பலம் வந்துவிட்டது, ஆனாலும் நின்றால் ஒரு பக்கம் சாய்கிறார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பேலன்ஸ் திரும்புமா, எவ்வளவு காலமாகும்?

தம்பி, நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நான்கு மாதம், இடது பக்கம் பாதிப்பு. படுத்தபடி காலை நன்றாகத் தூக்குகிறார். எழுந்து நின்றால் இடப்பக்கம் சாய்கிறார். நீங்கள் பிடித்து நிமிர்த்தினால் இன்னும் வேகமாக அந்தப் பக்கமே தள்ளுகிறார். வீட்டில் எல்லோரும் "வீம்புக்குப் பண்ணுகிறார்" என்கிறார்கள்.

வீம்பு இல்லை. நான் டாக்டர் இல்லை. இதே இடது பக்கம் விழுந்து, எழுந்து நடமாடுகிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பலம் வேறு, பேலன்ஸ் வேறு. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தேன். போடிமெட்டு மலைப்பாதையில் வண்டி வளையும்போது கம்பியைத் தொடாமல் நின்று டிக்கெட் கிழித்தவன். அதற்குத் தொடையில் பலம் மட்டும் இருந்தால் போதாது. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று உள்ளங்கால்தான் முதலில் சொல்லும். நாம் யோசிப்பதற்குள் இடுப்பு தானாக மாறிக்கொள்ளும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அந்தத் தகவல் வருவது நின்றுபோனது. இடது முட்டி மடங்கியிருக்கிறதா, நீட்டியிருக்கிறதா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். செருப்பு கழன்று வாசலிலேயே கிடக்கும். நான் கூடத்துக்கு வந்திருப்பேன்.

மனிதன் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது: கண், உள்காது, பிறகு தசை, மூட்டு, உள்ளங்கால். மூன்றாவது கெட்டால் ஆள் கண்ணை நம்பியே நிற்பார். கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடுவார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் டாக்டர் ராம்பெர்க் கவனித்து எழுதியது இதைத்தான். இன்றைக்கும் அந்தச் சோதனைக்கு அவர் பெயர்தான். நீங்களாக வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டுக் குளியலறையில் அது தினமும் நடக்கிறது. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடுகிற அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்து. நின்று குளிப்பதை இன்றே நிறுத்துங்கள். காலில் ரப்பர் உள்ள, கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுங்கள்.

அப்பாவின் "தள்ளுதல்" இதற்கும் மேலே ஒன்றாக இருக்கலாம். நான் இருந்த வார்டில் பக்கத்துக் கட்டில்காரருக்கு அப்படித்தான். நல்ல கையால் கட்டில் கம்பியை உந்தி, செயலிழந்த பக்கமாகத் தன்னைத் தானே சாய்த்துக்கொள்வார். பிசியோக்கள், அதாவது உடற்பயிற்சி சிகிச்சை தருகிறவர்கள், இதைப் 'புஷர்' (தள்ளுகிறவர்) என்கிறார்கள். நேராக இருக்கிறோம் என்கிற உணர்வே மூளைக்குள் கோணலாகிவிடுகிறது. ஜெர்மனியில் கார்னாத் என்பவரின் குழு 2000இல் சோதித்தபோது, இப்படிப்பட்ட நோயாளிகள் "இப்போது நேராக இருக்கிறேன்" என்று சொன்ன நேரத்தில் உண்மையில் சுமார் 18 டிகிரி சாய்ந்திருந்தார்கள். கண்ணால் பார்த்து எது செங்குத்து என்று சொல்வதில் மட்டும் அவர்களுக்குக் கோளாறு இல்லை.

வழியும் அதில்தான் இருக்கிறது. நீங்கள் பிடித்து நிமிர்த்தினால் அவருக்குத் தன்னை யாரோ கவிழ்ப்பது போலிருக்கும், எதிர்த்துத் தள்ளுவார். நிலைக்கதவுக்கு எதிரே உட்காரவைத்து, "கதவுச் சட்டத்தைப் பாருங்கப்பா, நீங்க அதுக்கு நேரா இருக்கீங்களா?" என்று கேளுங்கள். வலப்பக்கம் சற்று எட்டத்தில் ஒரு டம்ளரை வைத்து அவரையே நல்ல கையால் எடுக்கச் சொல்லுங்கள். தானாகப் போகிற உடம்பு எதிர்க்காது. பெரும்பாலோருக்கு இந்தத் தள்ளும் குணம் ஆறு மாதத்துக்குள் குறைந்துவிடுகிறது. அப்பாவுக்கு இருப்பது இதுதானா என்பதை உங்கள் பிசியோ பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு வந்த பிசியோ பிள்ளை வெகுநாள் நடக்கவே விடவில்லை. "ஐயா, முதல்ல உக்காரப் படிங்க" என்பாள். எரிச்சலாக இருக்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இடது புட்டத்தில் எடையைப் போட்டு எடுப்பது, அவ்வளவுதான் வேலை. பிறகு சமையல் மேடையைப் பிடித்து நிற்பது. இடது காலுக்கடியில் எடை பார்க்கும் மெஷினையும், வலது காலுக்கடியில் அதே உயரத்துக்குப் பலகையையும் வைத்தாள். என் எடையில் பாதி முள்ளில் தெரிய வேண்டும், கால்வாசிகூட வரவில்லை. நல்ல கால் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொள்ள, கெட்ட கால் சும்மா ஊன்றியிருந்தது. பாரமே போடாத காலிலிருந்து மூளைக்கு என்ன செய்தி போகும்? அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்துத்தான் பாரம் போடப் பழகினேன்.

அதற்குப் பிறகுதான் கண்ணை விலக்கும் பயிற்சி. கண்ணை மூடிக்கொள்ள, அவள் என் கால் கட்டைவிரலை மேலோ கீழோ நகர்த்துவாள். எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். சாக்கு, கோரைப்பாய், டைல்ஸ் என்று மாற்றி மாற்றிக் காலை வைத்து எது என்று கேட்பாள். பிறகு மடித்த போர்வைமேல் நிற்பது. போர்வைப் பயிற்சி ஆள் பக்கத்தில் இல்லாமல் கூடவே கூடாது. வெறுங்காலோடு வெயில் தரையிலும் விடாதீர்கள். சர்க்கரையும் இருந்தால் சுடுவதே தெரியாது.

முன்னேற்றத்தை அளக்க 'பெர்க்' என்று ஓர் அளவுகோல் உண்டு. உட்கார்ந்து எழுவது, தரையில் கிடப்பதை எடுப்பது, ஒரு சுற்றுச் சுற்றுவது என 14 வேலைகள், மொத்தம் 56 மதிப்பெண். அப்பாவுக்கு எவ்வளவு என்று கேட்டுக் குறித்து வையுங்கள். "பரவாயில்லை, தேறிட்டாரு" என்பதைவிட அது உதவும்.

காலக்கணக்கு கேட்டீர்கள். முதல் மூன்று மாதம் வேகமாகத் தேறும், ஆறு மாதத்துக்குப் பிறகு மெதுவாகும், நின்றுவிடாது. என்னால் இன்றும் ஓடும் பேருந்தில் கம்பியில்லாமல் நிற்க முடியாது. பேசிக்கொண்டே நடப்பது திரும்பிவிட்டது.

புறா ரத்தம் தேய்க்கச் சொல்லி உங்கள் வீட்டுக்கும் யாராவது வந்திருப்பார்கள். எனக்கு மூன்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். புறா பிழைத்துப் போகட்டும்.

"வீட்டிலேயே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பிசியோவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 ஸ்ட்ரோக் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு வீட்டாருக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. என் வீட்டம்மா கூடவே நின்றாள்தான். ஆனால் எதை எப்போது கடினமாக்குவது என்கிற கணக்கு அந்தப் பிள்ளைக்குத்தான் தெரிந்திருந்தது. காசு இடித்தால், தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. தடி வலது கையில்தான் இருக்க வேண்டும். விழுந்துவிட்டால், பதறி இடது கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு நழுவிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது. முதலில் அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டு, நல்ல கையை அதில் ஊன்றச் சொல்லி, நல்ல காலை முன்னே வைத்து எழச் சொல்லுங்கள். நீங்கள் இடுப்பைத் தாங்கினால் போதும். இதையும் பிசியோ இருக்கும்போதே ஒருமுறை பழகிவிடுங்கள்.