கன்சோலை விட்டுப் பசங்க ஏன் கம்ப்யூட்டருக்கு வருகிறார்கள்?

"கோயம்புத்தூர் பக்கம் முன்பெல்லாம் பிளேஸ்டேஷன் கேட்ட பசங்க இப்போது கேமிங் லேப்டாப் கேட்கிறார்கள், ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிவியில் இணைத்து விளையாடும் பெட்டிதான் கன்சோல். அதில் 2000-ல் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 2 உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. காரணம் சுலபம்தானுங்க. டிஸ்க்கைப் போட்டால் டிவியில் ஓடும், டிவிடி படமும் பார்க்கலாம். கம்ப்யூட்டரிலோ கிராபிக்ஸ் கார்டு, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் என்று மல்லுக்கட்ட வேண்டும்.

2003-ல் வந்த ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடைதான் இதை மெல்ல மாற்றியது. கடைக்குப் போகாமலே கேம் வாங்கலாம், அப்டேட் தானாக வரும், தள்ளுபடியில் விலை பாதிக்கும் கீழே இறங்கும். கன்சோலில் பல கேம்களை ஆன்லைனில் சேர்ந்து விளையாடச் சந்தா கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் பெரும்பாலும் வேண்டியதில்லை. சோனி கன்சோலில் மட்டும் இருந்த 'ஹரைசன் ஜீரோ டான்' கேம் 2020-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தபின், சோனி கேமுக்காகவே கன்சோல் வாங்கியவர்களுக்கும் அந்தக் கட்டாயம் குறைந்தது.

நம்ம ஊருக்கென்று ஒரு காரணமும் உண்டு. இங்கே இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் ஏராளம். பகலில் பம்புக்குள் சுழலும் பாகமான இம்பெல்லரைத் திரையில் முப்பரிமாணத்தில் திருப்பிக் காட்டும் அதே கிராபிக்ஸ் சிப், ராத்திரி வாலரன்ட் கேமை ஓட்டும். கன்சோலுக்கு மறுக்கும் அப்பா, படிப்புக்கு லேப்டாப் என்றால் பணம் எடுக்கிறார். அதில் தப்பில்லை என்பேன்.

ஆனால் விளையாட மட்டும்தான் என்றால் இன்றைக்கும் கன்சோலே வாங்குங்க. அந்த விலைக்கு அதே தரத்தில் ஓடும் கம்ப்யூட்டர் கிடைப்பது கஷ்டம். லேப்டாப்தான் என்றால் 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் சிப் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்க.