கேஸ் ஷீட் எழுதுவதும் வைத்தியம்தான்: ஒரு பொது மருத்துவரிடம் சில கேள்விகள்

மருத்துவ மாணவி: டாக்டர், நோயாளியின் விவரங்களைக் கேஸ் ஷீட்டில் எழுதியே பாதி நாள் போய்விடுகிறது. இதுவும் நம் வேலைதானா?

நம் வேலையேதான் அம்மா. எழுத உட்காரும்போதுதான் கேட்காமல் விட்டது எது என்று தெரியும். ஒரு பாட்டி “நெஞ்சு கரிக்குது” என்றார். ‘அசிடிட்டி’ என்று எழுதியிருந்தால் மாத்திரையோடு வீட்டுக்குப் போயிருப்பார். அவர் சொன்ன வார்த்தையையே எழுதினேன். எழுதும்போதே, எப்போது கரிக்கிறது என்று கேட்கத் தோன்றியது. “தண்ணிக் குடத்தோட படி ஏறும்போது. உக்காந்தா போயிடும்” என்றார். இது இதயக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்று அன்றைக்கே இதய நோய்ப் பிரிவுக்கு அனுப்பினேன். நோயாளியின் சொல்லை அவசரப்பட்டு நம் சொல்லாக மாற்றிவிடாதீர்கள்.

மருந்துக்கடைக்காரர்: கையெழுத்து புரியாமல் தினமும் தவிக்கிறோம், சார்.

உங்கள் கோபம் நியாயமானது. ஓ.பி.யில் கூட்டம் அதிகம்தான், ஆனால் அது காரணமாகாது. இன்சுலின் 4 யூனிட் என்பதற்கு 4-ஐப் போட்டு பக்கத்தில் ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தை மட்டும் கிறுக்கினால், அதன் வாய் மூடிப் பூஜ்யமாகிவிடும். 4 என்பது 40 ஆகும், உயிருக்கே ஆபத்து. ‘யூனிட்’ என்று முழுதாக எழுத வேண்டும். 5 மில்லிகிராமை 5.0 என்று எழுதவே கூடாது. புள்ளி மங்கினால் 50. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கில ‘கேப்பிட்டல்’ எழுத்துகளில் எழுதும்படி இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதியைத் திருத்திவிட்டது. சந்தேகம் வந்தால் தயங்காமல் போன் செய்து கேளுங்கள்.

ஐ.டி. ஊழியர்: எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டால் தீர்ந்துவிடுமே?

கையெழுத்துச் சிக்கல் தீரும். ஆனால் காப்பி-பேஸ்ட் வரும். சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாயை எடுத்து மூன்று நாள் ஆன ஒருவரின் குறிப்பில் ‘குழாய் உள்ளது’ என்றே தினமும் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், திரையைப் பார்த்துக்கொண்டே பேசினால் நோயாளியின் முகம் தெரியாது. நான் திரையை அவர் பக்கமும் திருப்பி வைத்து, தட்டச்சு செய்வதை வாய்விட்டுப் படிக்கிறேன். தப்பு இருந்தால் அவரே திருத்துகிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: தமிழில் மருத்துவம் எழுத முடியுமா?

முடியும் ஐயா. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். என்னால் முடிந்தது, டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் நாலு வரி: “காலையில் சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை. கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே வாருங்கள்.” எழுதியதை நோயாளியுடன் வந்தவரிடம் கொடுத்து, ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்பேன்.