பழைய லென்ஸில் எடுத்த படங்களுக்குத் தனி அழகு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் எப்போதும் இல்லை.

என்னிடம் சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 (58 மிமீ, எஃப்/2) ஒன்று இருக்கிறது. கூடவே இப்போதைய நிக்கான் இசட் 50 மிமீ எஃப்/1.8 எஸ். ஊருக்குப் போனபோது அத்தையை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, மாலை வெயில் முதுகுப்பக்கம் விழ, இரண்டிலும் அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) ஒரே மாதிரி எஃப்/2 என்று அகலமாக வைத்து எடுத்தேன்.

நிக்கானில் அத்தையின் கண்ணிமை முடியை எண்ணிவிடலாம். பின்னணி சத்தமில்லாமல் கரைந்திருந்தது. ஹீலியோஸில் நடந்ததே வேறு. இலை இடுக்கில் தெரிந்த வெளிச்சப் புள்ளிகள் நடுவில் வட்டமாக இருந்தன. ஓரம் போகப் போக எலுமிச்சை மாதிரி ஒடுங்கி, அத்தை தலையைச் சுற்றி ராட்டினம் ஆடின. படம் முழுக்க லேசாகப் பால் தெளித்த வெளுப்பு, கறுப்பெல்லாம் சாம்பல். இரண்டையும் காட்டினேன். "இதையே வச்சுக்கடா, அதுல சுருக்கமெல்லாம் தெரியுது" என்று ஹீலியோஸைத் தேர்ந்தெடுத்தார்.

அத்தை ரசித்தது எல்லாமே லென்ஸின் குறைகள்தான். சாய்வாக வரும் ஒளியில் கொஞ்சத்தை லென்ஸின் குழலே வெட்டிவிடுவதால் ஓரத்து வட்டங்கள் ஒடுங்குகின்றன. அங்கே சரிசெய்யாமல் விட்ட அஸ்டிக்மாட்டிசம் (ஒரு புள்ளியின் ஒளி ஒரே இடத்தில் குவியாத குறை) சுழற்சியைக் கூட்டுகிறது. வெளுப்புக்குக் காரணம் கண்ணாடிமேல் பூசிய அந்தக் காலத்து எளிய கோட்டிங். 1930களில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் வடிவமைத்த பயோட்டார் லென்ஸை ஒட்டிச் செய்தது ஹீலியோஸ். உள்ளே 6 கண்ணாடிதான். நிக்கானில் 12. அதில் இரண்டு ஆஸ்ஃபெரிக்கல் (முழுக் கோள வளைவு இல்லாதவை), இரண்டு ED கண்ணாடி (நிறம் பிரிவதைக் குறைப்பவை). இந்தக் குறைகளைத் துரத்தத்தான் அத்தனையும்!

சரி, அபெர்ச்சரை எஃப்/8க்குக் குறைத்து, வெயிலை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக் கோயில் மதிலை எடுத்தால்? எது எதில் எடுத்தது என்று எனக்கே குழம்பிப்போனது. ஹீலியோஸ் கேமராவோடு பேசாது என்பதால், கோப்பில் லென்ஸ் பெயர் இல்லாத படம் எதுவென்று பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

அதனால் வாங்குமுன் யோசியுங்கள். உங்களுடையது கிராப் சென்சார் (படம் பதியும் பரப்பு சின்னதாக உள்ள) கேமரா என்றால் அந்தச் சுழற்சி நடக்கும் ஓரமே பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிடும். ஆட்டோஃபோகஸும் கிடையாது; ஓடியாடும் பிள்ளைகளை எடுக்க நான் நிக்கானைத்தான் எடுப்பேன்.

அப்புறம், டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். நான் முதலில் ஆன்லைனில் வாங்கிய ஹீலியோஸுக்குள் சிலந்தி வலை மாதிரிப் படர்ந்திருந்தது. "வெயில்ல வச்சா போயிடும் சார்" என்றார் விற்றவர். இரண்டு வருடமாக அது என் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.