செம்மஞ்சள் சட்டைக்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு

ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் பொதுப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு. நான் பெற்றோர் சபையில் இருக்கிறேன். செப்டெம்பர் 30க்கு, அதாவது வதிவிடப் பாடசாலைகளை நினைவுகூரும் செம்மஞ்சள் சட்டை நாளுக்கு, என்ன செய்யலாம் என்று அதிபர் கேட்கிறார். மகளின் வகுப்பில் பூர்வகுடிப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனை மேடையில் பேச வைக்கலாம், மற்றப் பிள்ளைகளுக்கு இறகுத் தொப்பி செய்யப் பழக்கலாம் என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். சரிவருமா?"

இரண்டுமே வேண்டாம்.

உங்கள் மகள் பொட்டு வைத்துக்கொண்டு போகிற ஒரு நாளில், ரீச்சர் அவளை எழுப்பி "உங்கள் சமயத்தைப் பற்றி எல்லாருக்கும் சொல்லு" என்றால் எப்படி இருக்கும்? பத்து வயதுப் பிள்ளை. பாதி தெரியும், மீதியை வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழும். அந்தப் பையனுக்கும் அதேதான், இன்னும் கூடுதலாக. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து, சொந்த மொழியையும் வழக்கத்தையும் மறக்கடிக்க நடத்தப்பட்டவை கனடாவின் வதிவிடப் பாடசாலைகள். 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990களில்தான். அவனுடைய அம்மம்மாவே அங்கே படித்தவராக இருக்கலாம். அதைப் பேசுவதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. ஒன்ராறியோவில் தன்னைப் பூர்வகுடி என்று பாடசாலைக்கு அறிவிப்பதே விருப்பத்துக்கு உட்பட்டது. அதனால் உங்களுக்குத் தெரிந்தது ஒருவன், தெரியாமல் இன்னும் நாலு பேர் மண்டபத்தில் இருக்கலாம் என்று நினைத்தே திட்டமிடுங்கள்.

இறகுத் தொப்பி விஷயம். அந்த நீண்ட இறகுக் கிரீடம் சமவெளிப் பகுதி மக்களுடையது, ரொறன்ரோ மண்ணின் வழக்கம் அல்ல. அங்கேயும் அது மதிப்புப் பெற்றவர் அணிவது. அதைக் கடதாசியில் வெட்டி ஒட்டுவது நம் பூணூலை நூற்கண்டில் செய்து விளையாடுவது போல. பவ்வவ் என்ற பூர்வகுடி நடன விழாவில் ஆடுபவர்கள் அணிவதை 'வேடம்' என்றும் சொல்லிவிடாதீர்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஒன்ராறியோவில் ஒவ்வொரு கல்விச் சபையிலும் பூர்வகுடிக் கல்விக்கென்று ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையில் அதற்குத் தனி மையமே உண்டு. அதிபரை முதலில் அங்கே தொலைபேசியில் அழைக்கச் சொல்லுங்கள். சட்டை வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த வட்டாரத்துப் பூர்வகுடிக் குடும்பங்கள் என்ன விரும்புகின்றன, இந்த மண்ணைப் பற்றிப் பேசத் தகுந்த மூத்தவர் யார் என்று கேளுங்கள். ரொறன்ரோவில் பேச விஷயம் நிறையவே இருக்கிறது: மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களோடு 1805இல் நிலம் பற்றிச் செய்த 13ஆம் உடன்படிக்கை, 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள்.

மூத்தவர் என்பது வயதுக் கணக்கு அல்ல, அவருடைய சமூகம் ஏற்றுக்கொண்ட இடம். இந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் மரபில் ஒருவரிடம் உதவி கேட்கும்போதே ஒரு சிறு துணி முடிச்சில் புகையிலை கொடுப்பார்கள், நாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. வடதுருவப் பகுதி மக்களான இனுயிற் மூத்தவருக்கு அந்த வழக்கம் இல்லை. எனவே பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சன்மானத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள். நான் முன்பு இருந்த ஒரு பெற்றோர் சபையில், வந்து பேசிய ஒரு முதியவருக்குக் காசோலை போக மூன்று மாதம் ஆனது. இடையில் இரண்டு தடவை படிவம் நிரப்பச் சொன்னோம். அடுத்த வருஷம் அவர் வரவில்லை. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். அவர் மூலிகைப் புகை போடுவார் என்றால், எந்த அறை, தீ எச்சரிக்கைக் கருவி என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே பாடசாலைப் பராமரிப்பாளரோடு பேசிவிடுங்கள். பெற்றோருக்கும் ஒரு வரி அறிவித்தல் போகட்டும். சாம்பிராணிப் புகையில் வளர்ந்த நமக்கு இது புதினமில்லை. ஆனால் நடுவில் மணி அடித்து எல்லாரும் வெளியே ஓடினால் அவமானம் வந்தவருக்குத்தான்.

நாட்காட்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெற்றோர் சபைத் தேர்தல் பாடசாலை தொடங்கி முதல் 30 நாட்களுக்குள் நடக்கும். அதாவது புதிய சபை கதிரையில் உட்காரும்போதே செப்டெம்பர் 30 வந்துவிடும். ஆகவே மே மாதமே பேசி முடித்துவிடுங்கள். அப்புறம், இதை ஒரு நாளோடு நிறுத்த வேண்டாம். ஜூன் 21 தேசிய பூர்வகுடி மக்கள் நாள். நவம்பர் முதல் வாரம் ஒன்ராறியோவில் உடன்படிக்கை வாரம். இந்த வாரத்தில் சோகம் அல்லாத கதைகளுக்கும் இடம் உண்டு: இன்றைக்கு வாழ்கிற மருத்துவர்கள், எழுத்தாளர்கள், விளையாட்டு வீரர்கள். நூலகத்துக்குப் பூர்வகுடி எழுத்தாளர்களின் புத்தகங்கள் வாங்கவேண்டும் என்று சபையின் பரிந்துரையாக எழுதிக் கொடுங்கள். அதைப் பரிசீலித்து என்ன செய்தேன் என்று அதிபர் பதில் சொல்லியே ஆகவேண்டும், விதி அப்படி.

சட்டை போடுவதில் தவறில்லை. 1973இல் ஆறு வயதில் வதிவிடப் பாடசாலைக்குப் போன முதல் நாளே, பாட்டி வாங்கித் தந்த செம்மஞ்சள் சட்டையைப் பிலிஸ் வெப்ஸ்டாட்டிடமிருந்து கழற்றி எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கட்டும். வாங்குவதானால் பூர்வகுடியினர் நடத்தும் கடையில் வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. அந்தப் பையன் தலைமுடியைப் பின்னியிருக்கிறானா? பல பூர்வகுடி மரபுகளில் ஆண்பிள்ளைகளின் நீண்ட முடிக்குப் பொருள் உண்டு. வதிவிடப் பாடசாலைகளில் முதலில் வெட்டியதும் அதைத்தான். இடைவேளையில் யாரும் அதைப் பிடித்து இழுக்கிறார்களா, "பெட்டை" என்று கூப்பிடுகிறார்களா என்று மகளிடம் இன்றிரவு கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் செப்டெம்பர் வரை காத்திருக்காமல் நாளைக் காலையே வகுப்பு ஆசிரியரிடம் போங்கள்.