சின்னக் கதவு திறந்து, பெரிய கதவு மூடிய வீடுகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜனாதிபதித் தேர்தலைப் பற்றியவை. ஒரு காலத்தில் கருத்துக்கணிப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான் என்று போன இதழில் ஒரு வரி எழுதிவிட்டேன், அதனால் வந்த வினை. சமையல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, 2024 தேர்தலுக்கு முன் பேஸ்புக்கில் ஒரு கணிப்பு, வட்ஸ்அப்பில் இன்னொன்று, பத்திரிகையில் வேறொன்று. எங்கள் தொடர்மாடியில் நாற்பது வீடு. ஒரு வீட்டையாவது யாரும் கேட்கவில்லை. அப்படியென்றால் எல்லாம் பொய்தானே?
– வாசகி, வெள்ளவத்தை

கேட்காததில் அதிசயம் ஒன்றும் இல்லை. 2024இல் பதிவான வாக்காளர்கள் ஒரு கோடியே 71 இலட்சம் பேர். ஆயிரம் பேரைக் கேட்டால் பதினேழாயிரம் பேருக்கு ஒருவர். உங்கள் மாடிக்கு ஆள் வந்திருந்தால் நீங்கள் லொத்தர் வாங்கப் போயிருக்கலாம்.

ஆயிரம் பேர் போதுமா என்றால், சரியாகப் பொறுக்கினால் போதும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லாம் ஒரே அரிசியாக இருந்தால் சரி. நம்முடைய பானையில் சம்பாவும் நாட்டரிசியும் பச்சையரிசியும் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் வேகிற நேரம் வேறு. மேலே மிதக்கிற ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தால் என்ன ஆகும்? பேஸ்புக் கணிப்பு அந்த மேல் பருக்கைதான். தானாக வந்து பொத்தானை அமுக்குகிறவர்களைத்தான் அது எண்ணுகிறது. அதில் ஒரு இலட்சம் பேர் அமுக்கினாலும், ஒழுங்காகப் பொறுக்கிய ஆயிரம் பேருக்கு ஈடாகாது.

ஒழுங்காகப் பொறுக்கிய ஆயிரத்திலும் மூன்று சதவீதம் மேலே கீழே போகலாம் என்பது கணக்கு. பத்திரிகைகள் அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் போடுகிற வரி அதுதான். அப்புறம் இன்னொன்று, இதைத் தமிழர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர் சனத்தொகையில் சுமார் 11 வீதம். ஆயிரம் பேரைக் கேட்கிற கணிப்பில் நம்மவர் ஏறக்குறைய 110 பேர். அந்தச் சின்னக் கூட்டத்துக்குப் பிழை மூன்றில் நிற்காது, ஒன்பதுக்கு மேல் போகும். “தமிழ் வாக்குகள் இவருக்கு 45, அவருக்கு 40” என்று யாராவது வரைபடம் போட்டால், அதில் யார் முன்னால் என்று அவர்களுக்கே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது புத்தகக் கணக்கு. படியேறிப் பார்த்தால் வேறு கதை.

1999 டிசெம்பர் முதல் கிழமை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கை, நான்கு மாடிக் கட்டடம். என் கையில் ஒரு அட்டை, அதில் கவ்விய பன்னிரண்டு பக்க வினாக்கொத்து. முதல் பதினொரு பக்கமும் பால்மா, சவர்க்காரம், பற்பசை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: நாளைக்கே தேர்தல் என்றால் யாருக்கு வாக்களிப்பீர்கள்? ஐந்தாவது கதவு, அடுத்த ஐந்தாவது கதவு என்று தட்ட வேண்டும். மூன்றாம் மாடியில் ஒரு அம்மா இரும்புக் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பேசினார். தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில், வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த படிவத்தின் போட்டோப் பிரதியை ஒட்டி வைத்திருந்தார். பால்மாவுக்கு வந்ததும் கதவைத் திறந்தார், சவர்க்காரத்துக்கு வந்ததும் பிளேன்டீ வந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அவர் கோப்பையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு கேட்டார்:

“எந்தப் பேரை எழுதினா உங்களுக்குக் கரைச்சல் வராது, பிள்ளை? அதையே எழுதுங்கோ.”

நான் 99 என்று எழுதினேன். பதில் இல்லை என்பதற்கு அதுதான் இலக்கம். அன்று ஏறிய பதினான்கு தமிழ் வீடுகளில் பதினொன்று 99. அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், மேற்பார்வையாளர் நெற்றியைச் சுருக்கினார். இத்தனை 99 இருந்தால் வாடிக்கையாளர் காசு தரமாட்டார், இந்த ஏரியா ஆட்கள் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரியும்தானே என்று சொல்லிவிட்டு, பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். எனக்குத் தாளுக்கு இவ்வளவு என்று சம்பளம். வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நிறுவனம் இன்று இல்லை, நான் இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். வெரிட்டே ரிசேர்ச் போன்ற ஆய்வு நிறுவனத்தினரும், கொழும்பிலுள்ள சுகாதாரக் கொள்கைக்கான நிறுவகத்தினரும் தாங்கள் எப்படிக் கேட்டார்கள், கிடைத்த பதில்களுக்கு எப்படி எடை போட்டுச் சமப்படுத்தினார்கள் என்பதை வெளியே சொல்கிறார்கள். எந்தக் கணிப்பைப் பார்த்தாலும் முடிவுக்கு முன் அந்தப் பந்தியைத் தேடுங்கள். எத்தனை பேர், எந்தத் திகதிகளில், எந்த மொழியில், யார் காசில். அந்தப் பந்தியே இல்லாவிட்டால் அந்தத் தாளில் வடை சுற்றலாம்.

தோற்கப் போகிறோம் என்று கணிப்புச் சொன்னால், பதவியில் இருப்பவர் தேர்தலைத் தள்ளிப்போட முடியாதா? அரசியலமைப்பு எங்களை எங்கே காப்பாற்றுகிறது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

அவர் தனியாக நினைத்துத் தள்ளிப்போட முடியாது. பதவிக்காலம் முடிவதற்கு இரண்டு மாதத்துக்கு முந்தாமலும் ஒரு மாதத்துக்குப் பிந்தாமலும் வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்கிறது 31ஆம் உறுப்புரை. அந்த ஒரு மாத இடைவெளிக்குள் திகதி குறிப்பது தேர்தல் ஆணைக்குழு. 2024இல் அந்த இடைவெளி செப்டெம்பர் 17 முதல் ஒக்டோபர் 16 வரை. ஆணைக்குழு செப்டெம்பர் 21ஐக் குறித்தது.

ஆனால் ஓட்டை ஒன்று இருந்தது. 2015இல் 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் காலத்தை ஆறு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. 83ஆம் உறுப்புரையில் மட்டும், “ஆறு ஆண்டுக்கு மேல்” நீட்டுவதென்றால்தான் சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும் என்று பழையபடியே கிடந்தது. சட்டையின் கையைக் குறைத்த தையற்காரர் உள்துணியைக் குறைக்க மறந்த மாதிரி. அப்போ ஐந்தை ஆறாக்க நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு போதுமா என்ற சந்தேகம் 2024இல் பெரிதாகக் கிளம்பியது. ஒருவர் தேர்தலை நிறுத்திவைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போனார். இன்னொருவர் 19ஆவது திருத்தமே ஒழுங்காக நிறைவேறவில்லை என்று போனார். இரண்டு மனுவையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்து, வழக்குச் செலவையும் அவர்கள் தலையில் கட்டியது.

நீதிமன்றத்துக்கு இது புதிதும் இல்லை. சந்திரிகா அம்மையார் 1999இல் ஒரு வருடம் முந்தியே தேர்தலுக்குப் போனவர். அந்த விட்ட வருடத்தைச் சேர்த்து 2006வரை இருக்கலாம் என்று அவர் தரப்பு கணக்குப் போட்டது. 2005இலேயே தேர்தல் என்றது உயர் நீதிமன்றம். 2018 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன, தான் ஆறு ஆண்டு இருக்கலாமா என்று நீதிமன்றத்தையே கேட்டார். ஐந்துதான் என்று பதில் வந்தது.

மக்களையே கேட்டு மக்களின் தேர்தலைத் தள்ளிப்போட்ட கதையும் நம்மிடம் உண்டு. 1982 ஒக்டோபரில் ஜே.ஆர். ஜயவர்தன 52.91 வீதத்தில் வென்றார். நாட்டின் மிகப்பெரிய கருத்துக்கணிப்பு அதுதான் என்பேன். அந்த வீதத்தோடு, வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம் பிரிக்கிற விகிதாசாரத் தேர்தலுக்குப் போனால், 1977இல் கிடைத்த ஆறில் ஐந்து பெரும்பான்மை கரைந்துவிடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. அதனால் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பதிலாக டிசெம்பர் 22ஆம் திகதி சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார்கள். விளக்குக்குப் போட்டால் இருக்கிற நாடாளுமன்றமே இன்னும் ஆறு ஆண்டு, குடத்துக்குப் போட்டால் வேண்டாம். 54.66 வீதம் விளக்கு. என் அப்பா, குடத்துக்குப் போட்டுவிட்டு வந்து முற்றத்தில் செருப்பைக் கழற்றியபடி, “அடுத்த முறை எந்தச் சின்னமோ, நான் இருக்கிறனோ” என்று சொன்னது நினைவிருக்கிறது. அவர் இருந்தார். அடுத்த பொதுத் தேர்தல் 1989இல்தான் வந்தது.

தள்ளிப்போடுவதைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறோம். முந்திவைப்பதையும் கவனியுங்கள். முதற் பதவிக்காலத்தில் நான்கு ஆண்டு கடந்தால் ஜனாதிபதி தேர்தலை முன்னுக்கு இழுக்கலாம் என்ற வசதியை 1982இல் மூன்றாவது திருத்தம் கொண்டுவந்தது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத் தூற்றிக்கொள்ளும் வசதி. பரீட்சை எழுதுகிறவரே பரீட்சைத் திகதியையும் குறிக்கிறார். எனக்கு இது தள்ளிப்போடுவதை விடக் குறைந்த அநியாயமாகப் படவில்லை.

சோதிடமா, கருத்துக்கணிப்பா? எது நம்பலாம்?
– வாசகர், மட்டக்குளி

2015ஐ நினைத்துப் பாருங்கள். மஹிந்த ராஜபக்ஷவுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் மிச்சம் இருந்தும் தேர்தலை முன்னுக்கு இழுத்தார். அவருடைய சோதிடரைப் பற்றிப் பத்திரிகையெல்லாம் எழுதின. ஜனவரி 8 நல்ல நாள்தான், 51.28 வீதம் எடுத்த மைத்திரிபாலவுக்கு.

யாருக்கும் ஐம்பது வீதம் கிடைக்காவிட்டால் மறுபடி வாக்களிக்க வேண்டுமா? 2024இல் என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.
– உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

வேண்டாம் தங்கச்சி. மறுபடி எண்ணுவார்கள், அவ்வளவுதான். செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் ஒருவருக்கும் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களை விலக்கிவிட்டு, விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் 2, 3 என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த விருப்பு முதல் இருவரில் ஒருவருக்கு என்றால் அவர் கணக்கில் சேரும்.

1982 முதல் 2019வரை அதற்கு அவசியமே வரவில்லை. 2024இல் அநுர குமார திசாநாயக்க 42.31, சஜித் பிரேமதாச 32.76 வீதத்தில் நின்றார்கள். விலக்கப்பட்டவர்களிடம் 33 இலட்சத்துக்கு மேல் வாக்கு இருந்தது. அதிலிருந்து இருவருக்கும் சேர்ந்து போன விருப்பு வாக்கு சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரம். பத்தில் ஒன்று கூட இல்லை! மிச்சப் பேர் 1ஐ எழுதிவிட்டோ, வெறும் புள்ளடி போட்டுவிட்டோ, அல்லது விலக்கப்பட்ட இன்னொருவருக்கே 2ஐக் கொடுத்துவிட்டோ வந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், 2 எழுதலாம் என்றே தெரியாதவர்கள் இருப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

அமெரிக்காவில் அவ்வளவு வசதி இருந்தும் கணிப்புகள் பிழைக்கின்றனவே?
– வாசகர், தெஹிவளை

1936இல் அங்கே லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை சுமார் ஒரு கோடி அட்டை அனுப்பி, 23 இலட்சம் பதில் வாங்கி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற அல்ஃப் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். விலாசம் எடுத்த இடம் தொலைபேசி விபரக்கொத்தும் கார்ப் பதிவும். பொருளாதார மந்த காலத்தில் கார் வைத்திருந்தவர் யார் என்று யோசித்தால் போதும். 2016இல் நாடு தழுவிய வாக்கில் ஹிலரி ஏறக்குறைய 29 இலட்சம் அதிகம் எடுத்தும் தோற்றார், ஏனென்றால் அங்கே எண்ணுவது மாநிலவாரியாக. ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்றதைப் பார்த்துத்தான் இரண்டு முறைக்கு மேல் கூடாது என்ற 22ஆவது திருத்தம் 1951இல் வந்தது. நம்முடைய அரசியலமைப்பில் அந்த வரம்பு 1978இலேயே இருந்தது, 2010இல் 18ஆவது திருத்தம் அதைத் தூக்கியது, 2015இல் திரும்பி வந்தது. இங்கே எதுவும் ஒரு தடவையோடு முடிவதில்லை.

தொலைபேசியில் யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லலாமா? பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கொழும்பு 13

சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வாக்கு இரகசியமானது என்று 93ஆம் உறுப்புரையே சொல்கிறது. ஆனால் பயத்தில் பொய்ப் பெயர் சொல்லாதீர்கள். “சொல்ல விருப்பமில்லை” என்று சொல்லுங்கள், அதற்கும் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. சிங்களத்தில் பேசினால் தமிழில் பேசுகிற ஆளை எடுக்கச் சொல்லுங்கள், நல்ல நிறுவனம் என்றால் எடுப்பார்கள். எந்த நிறுவனம், என் இலக்கம் எப்படிக் கிடைத்தது என்று நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள். அடையாள அட்டை இலக்கமோ, வங்கிக் கணக்கோ, கைபேசிக்கு வந்த ஓடிபியோ கேட்டால் அது கணிப்பே இல்லை, களவு. பட்டென்று வைத்துவிடுங்கள்.