மாடி ஹாலில் பரதம்

அன்புள்ள ஐயா,

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் 20க்கு 12 அடி ஹால் இருக்கிறது. பரதநாட்டிய வகுப்புக்கு விடலாம் என்று யோசனை. தரை டைல்ஸ். ஒரு கோடியில் தூண் துருத்திக்கொண்டு நிற்கிறது. மூன்று சுவரிலும் கண்ணாடி பதிக்கலாம் என்கிறார் மேஸ்திரி. எட்டுப் பிள்ளைகள் ஆட இடம் போதுமா?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

எட்டுப் பேர் நிற்கலாம், ஆட முடியாது. கையை விரித்தால் ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு அகலம் வரும். முழங்காலை விரித்து மடக்கி நிற்கும் அரைமண்டியில் இருந்து, நாட்டடவு என்கிற அடவுக்கு (அடவு என்றால் அடிப்படை ஆட்ட அசைவு) கால் நீட்ட வளர்ந்த பெண்ணுக்கு ஆறடிக்கு ஆறடி வேண்டும், சிறு பிள்ளைக்கு ஐந்தடி. தூண் இருக்கும் குறுகிய சுவரோரம் நட்டுவாங்கத்துக்கு (ஆசிரியர் உட்கார்ந்து தாளம் போட்டு ஆட்டுவிக்க) நான்கடி விட்டால் மிச்சம் 16க்கு 12. பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் என்றால் ஆறு பேர். ஆசிரியர் நீளச் சுவரோரம் உட்கார்ந்தால் ஆழம் எட்டடிதான். முன்னே பின்னே போகிற அடவெல்லாம் பாதியில் முட்டும்.

நாம் ஹாலை சோபாவுக்கு அளந்து கட்டுகிறோம். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் அளவுகோலே விரல்தான்: 24 விரல் ஒரு கோல். அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூண் நிழல் அரங்கில் விழாமல் விளக்கு வைத்ததையும் சொல்கிறது. உங்கள் விளக்குகளையும் தூணுக்கு முன்னால் போடுங்கள். தூணில் மட்டும் கை வைக்காதீர்கள், கூரைப் பாரம் அதன் மேல்.

காசைத் தரையில் போடுங்கள். தட்டடவில் முழுப் பாதமும் தரையில் விழும். காங்கிரீட்டில் ஒட்டிய டைல்ஸ் அந்த அடியை வாங்கிக்கொள்ளாது, முழங்காலுக்கே திருப்பி அனுப்பும். டைல்ஸைப் பெயர்க்க வேண்டாம். அதன் மேல் பாலிதீன் விரித்து, ஓரடிக்கு ஒன்றாக 10 மி.மீ. ரப்பர் துண்டு, அதன் மேல் ஓரடி இடைவெளியில் 2க்கு 1 அங்குல ரீப்பர் (மரச் சட்டம்), பிறகு குறுக்கும் நெடுக்குமாக 12 மி.மீ. பிளைவுட் இரண்டு. ஜாயின்ட் மேல் ஜாயின்ட் வரக்கூடாது. ரீப்பர்களுக்கு நடுவே ஃபெல்ட் துணி அடைக்காவிட்டால் தரை மத்தளமாக முழங்கும், கீழ்வீட்டில் குடியிருக்க முடியாது.

கெடுவது இரண்டு இடத்தில். "ஆடுதுங்க" என்று தச்சர் ரீப்பரைத் துளைத்து காங்கிரீட்டில் ஸ்க்ரூ இறக்கிவிடுவார். ரப்பர் போட்டதே வீண். அல்லது பிளைவுட்டைச் சுவரோடு நெருக்கி அடிப்பார். ஐப்பசி மழையில் ஊதி நடுவில் மேடு தட்டும். சுற்றிலும் 10 மி.மீ. விடச் சொல்லுங்கள். அதை மறைக்கும் பட்டியைச் சுவரில் அடிக்க வேண்டும், பலகையில் அல்ல. (இதுவே ஏற்காடு என்றால் பனிக்கு ஈரம் தாங்கும் மரைன் பிளைதான்.) மேலே பளபள வார்னிஷ் வேண்டாம், வியர்வைக் கால் வழுக்கும்.

கண்ணாடி, ஆசிரியர் முதுகுப் பக்கச் சுவரில் மட்டும், தரையிலிருந்தே தொடங்கட்டும். அரைமண்டியில் பார்க்க வேண்டியது முழங்காலும் பாதமும். பக்கக் கண்ணாடி இருந்தால் பிள்ளைகளின் கழுத்து அங்கே திரும்பும், ஆசிரியர் வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டும் எதிரொலித்துக் குழம்பும். எதிர்ச்சுவருக்குக் கெட்டியான பருத்தித் திரை. நம்மூர்த் தறியில் கிடைக்காததா!

தரை இரண்டேகால் அங்குலம் உயரும். கதவின் அடியை இழைக்க வேண்டிவரும். சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் மாட்டுங்கள்; கையுயர்த்திக் குதிக்கிற அடவுகள் இருக்கின்றன.